ஆட்டோவை நீங்களே விற்பதா, தரகரிடம் கொடுப்பதா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலைப் பக்கம் நன்றாகப் பராமரித்த ஆட்டோவை விற்க நினைக்கும் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒழுங்காக வைத்திருந்த வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பணம்
நேரடி: பேசிய விலை முழுதும் உங்களுக்கு.
தரகர்: கமிஷன் போகும். வாங்குபவரிடம் என்ன விலை சொன்னார் என்பதும் தெரியாமல் போகலாம்.

வேகம்
நேரடி: ஆள் தேட வேண்டும்.
தரகர்: ஆளோடுதான் வருவார்.

பராமரிப்புக்கு மதிப்பு
நேரடி: மலை ரோட்டில் பிரேக்கும் கிளச்சும் சீக்கிரம் தேயும். எப்போது மாற்றினீர்கள் என்று பில்லோடு காட்டுங்கள். கால்மிதியைத் தூக்கி, அடித்தகட்டில் துரு இல்லை என்று காட்டுங்கள். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்து காட்டினால் இன்னும் நல்லது.
தரகர்: பெரும்பாலும் வருடமும் பெயிண்டும்தான் பேச்சு.

பத்திரம்
நேரடி: வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் மாற்றப் படிவங்களில் இருவரும் சேர்ந்தே கையெழுத்திடலாம்.
தரகர்: வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் தயவுசெய்து போடாதீர்கள். வண்டி கைமாறிக்கொண்டே போகும், பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் உங்களைத்தான் தேடும்.

லீசிங் பாக்கி இருந்தால், எந்த வழியானாலும் அதை முதலில் முடியுங்கள்.

அவசரச் செலவு, பேரம் பேச நேரமில்லை என்றால் தரகர் சரி. கமிஷனை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பில்லெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுக்கவும் முடியும் என்றால் நீங்களே விற்றுவிடுங்கள்.