ஒத்து ஊதுபவரோடு வந்த நாயனக் குழு: சேலத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணம்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு வாசித்த நாயனக் குழுவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இரண்டு நாயனம் (நாதஸ்வரம்), இரண்டு தவில், ஒரு தாளம், நாயனத்துக்கு விடாமல் சுருதி கொடுக்கும் குழலான ஒத்து ஒன்று. மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் சேர்த்து 42,000 ரூபாய். முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அது ஒன்றுதான் குறை.

ஒத்துக்காகவே இவர்களைப் பிடித்தேன். இப்போதெல்லாம் பெரும்பாலும் சுருதிப் பெட்டியை மைக் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பெட்டி சுருதி பிசகாது, வாஸ்தவம். ஆனால் ஒரு மனுஷர் உட்கார்ந்து மூச்சுக் கொடுக்கும் சுருதி எனக்கு வேண்டியிருந்தது.

ஒத்து பார்க்க நாயனம் மாதிரியேதான் இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளை இருக்காது. அடிப்பக்கத்தில் மட்டும் சில துளைகள். விடியற்காலை மணமேடைக்குப் பின்னால் அந்தப் பெரியவர் கட்டை விரல் நகத்தால் மெழுகைச் சுரண்டி, உருட்டி, ஒரு துளையில் பாதி அடைத்து ஊதினார். நாயனக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி சுரண்டல், மறுபடி ஊதல். நாலாவது தடவைதான் ‘சரி’ என்றார்.

அப்புறம் தோடி ராகம். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்தபடி, பெரியவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்தார். பிறகு காபி கொடுக்கும்போது, “நடுவுல கொஞ்சம் நிறுத்தக் கூடாதாங்க?” என்று கேட்டேன். “நாயனம் மூச்சு வாங்குற நேரத்துல நானும் விட்டுட்டா சுருதி அறுந்துடுமுங்க” என்றார்.

‘ஒத்து’ எங்கள் பட்டறையிலும் புழங்குகிற சொல்தான். ஜோடிக் கொலுசைத் தராசில் போட்டு எடை ஒத்துப் பார்ப்போம். சம்பந்தி வீட்டார் தேதிக்கு ஒத்துக்கொண்டார்கள், ஜாதகம் ஒத்துப்போனது, என் அத்தைக்கு மட்டும் பந்தியில் போட்ட கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று திட்டுகிறோமே, அது எனக்கு அன்றைக்குத்தான் உறுத்தியது. நாயனம் தோடியில் எங்கெங்கோ சுற்றியபோது ஒத்து அதன் பின்னால் ஓடவே இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. நாயனம் ஒரு இழை விலகினாலும் அதை வைத்துத்தான் நம் காதுக்குத் தெரிகிறது. ஆமாம் போடுகிறவனால் இது முடியுமா?

கெட்டிமேளம் கொட்டும்போது தவில் இரண்டும் மண்டபத்தையே அதிர வைத்தன. வரவேற்பில் சினிமாப் பாட்டு கேட்டவர்களுக்கும் முகம் சுளிக்காமல் வாசித்தார்கள்.

இவர்களையோ வேறு குழுவையோ பேசுபவர்கள் ‘ஒத்து ஆளோடு வருவீர்களா’ என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சொல்லாவிட்டால் பெட்டிதான் வரும். இன்னொன்று, மைக்காரரிடம் ஒத்துக்கும் ஒரு மைக் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் மண்டபத்தில் நாயனத்துக்கும் தவிலுக்கும் மட்டும் வைத்திருந்தார்கள். பாதித் தோடி ஆனபிறகு நானே எழுந்துபோய் ஒன்றை ஒத்துப் பக்கம் திருப்பி வைத்தேன்.