தானாகச் சாய்ந்து விழுந்த ட்ரோன், "பைலட் தவறு" என்று கைகழுவிய கம்பெனி

இந்த ட்ரோனை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. விலை 46,000 ரூபாய். நம் நாட்டிலேயே அசெம்பிள் செய்து விற்கும் கம்பெனி. விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. பறப்பதைப் பற்றி மட்டும் கேட்டால் நல்ல சரக்கு என்றுதான் சொல்வேன். ஆணி அடித்த மாதிரி காற்றில் நிற்கும், ஜி.பி.எஸ். சீக்கிரம் பிடிக்கும், ஒரு பேட்டரிக்கு இருபது நிமிடம் தாராளமாக வரும். ஆனால் விழுந்த பிறகு அந்தக் கம்பெனி நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டை. துறைமுகம், மணலி ரிஃபைனரி, வட சென்னை அனல் மின் நிலையம் என்று எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் ட்ரோன் எடுக்கவே யோசிக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அக்கா மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, செங்குன்றம் தாண்டி பொன்னேரி போகிற வழியில் தெரிந்தவர் ஒருவருடைய தரிசு நிலத்துக்குப் போய்விடுவேன். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் ஒருநாளும் பறக்கவிட்டதில்லை. ட்ரோனுக்கு அடையாள எண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலை ஆறே முக்கால் மணி. கடல் காற்று ஏற இன்னும் நேரம் இருந்தது, பக்கத்துப் பனை மரத்தில் ஓலைகூட அசையவில்லை. 38 மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிட்டு, கேமராவை மட்டும் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்பக்கம் இடது மூலை தொங்கியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்படியே வந்து வரப்பில் விழுந்தது. "மாமா, நீ ஸ்டிக்கையே தொடலியே" என்றான் பையன். அவன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், அதில் என் கையும் தெரிகிறது.

சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பக்க அறிக்கை வந்தது: பைலட் தவறு, மோதலால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது, ரிப்பேருக்கு 18,400 ரூபாய். போன் செய்து எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், காற்று அதிகமாக இருந்திருக்கும் என்றார்கள். வீடியோவை அனுப்பினேன். அப்புறம், "சார், உங்களிடம் பைலட் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள மைக்ரோ ட்ரோனை வியாபார நோக்கமில்லாமல் பறக்கவிட லைசென்ஸ் தேவையில்லை. என்னுடையது 600 கிராம். ட்ரோன் விற்கிற கம்பெனிக்கு இது தெரியாதா?

நல்லவேளை, அனுப்புவதற்கு முன்பே மெமரி கார்டிலிருந்த லாக் ஃபைலை, அதாவது பறக்கும்போது ட்ரோன் தானே எழுதிவைக்கும் பதிவை, லேப்டாப்பில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். இதை ஓட்டுவது ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருள் என்பதால் அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ட்ரோன் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று அதன் உள்ளே இருக்கும் கணினி கேட்டது ஒரு கோடு, உண்மையில் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது இன்னொரு கோடு. பறந்த நேரம் முழுக்க இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன, ஒரு நொடியில் மட்டும் சடாரென்று பிரிகின்றன. அதே நொடியில் பின் இடது மோட்டாருக்குப் போகிற கட்டளை உச்சத்துக்கு ஏறுகிறது, அதற்கு எதிர்மூலையான முன் வலது மோட்டாருக்கு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அதாவது பின் இடது மோட்டாரைக் கணினி "சுத்து, சுத்து" என்று கெஞ்சியிருக்கிறது, அது சுற்றவில்லை. அப்போது உயரம் 38 மீட்டர், என் ஸ்டிக் நடுவில், பேட்டரி 61 சதவீதம். மோதுவதற்கு மேலே என்ன இருக்கிறது, மேகமா?

இவர்கள் அறிக்கையில் லாக் என்ற வார்த்தையே இல்லை. எஸ்டிமேட்டோடு அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த ஒயர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் மூன்று ஒயர் வந்து வேகக் கட்டுப்பாட்டு போர்டில் பற்றவைத்திருப்பார்கள். பின் இடது மோட்டாரின் நடு ஒயர் தனியே நின்றது. கேட்டேன். விழுந்த வேகத்தில் பிய்ந்திருக்கும் என்றார்கள்.

ரிப்பேர் வேண்டாம் என்று ட்ரோனைத் திரும்ப வாங்கி, ரிச்சி தெருவில் போர்டு வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். லென்ஸ் வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். மற்ற ஒயர்களில் ஈயம் பளபளவென்று தகட்டோடு தகடாகப் பரவியிருந்தது. இந்த இடத்தில் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் உருண்டு நின்றது. "இழுத்துப் பிஞ்சிருந்தா ஒயர் நரம்பு அறுந்திருக்கும், இல்ல தகடு பேந்து வந்திருக்கும். இது பத்தவே இல்ல தம்பி, சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றார். நூறு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. கம்பெனி பன்னிரண்டு நாள் எடுத்தும் பார்க்காததை அவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

இதையெல்லாம் எழுதி, போட்டோ, லாக் இரண்டையும் வைத்து மெயில் போட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் ஒரு மேனேஜர் கூப்பிட்டார். நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை ஏற்கிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். நல்லெண்ணம் எனக்கு வேண்டாம், ஒயர் சரியாகப் பற்றவைக்கப்படவில்லை என்று எழுத்தில் கொடுங்கள், முழுதாகச் சரிசெய்து கொடுங்கள் என்றேன். ஏனென்றால் அது வரப்பில் விழுந்ததால் சரி, பத்தடி தள்ளி நின்ற பையன் தலையில் விழுந்திருந்தால்? அதே ஆள் அதே வாரத்தில் பற்றவைத்த போர்டு இன்னும் எத்தனை ட்ரோனில் பறக்கிறதோ.

அவர்கள் எழுத்தில் தரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதே ட்ரோன் வைத்திருப்பவர்கள் மேல் மூடியைத் திறக்க வேண்டாம், சீல் போய்விடும். ஒவ்வொரு முறை பறந்த பிறகும் லாக்கை காப்பி எடுத்து வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது மெமரி கார்டை உள்ளே விட்டு அனுப்பாதீர்கள், எனக்குத் திரும்பி வந்த கார்டு காலியாக இருந்தது.