எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு சதவீத ரெசிஸ்டர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருக்கும் ஒரு கடையில், 220 கிலோ ஓம், 1 வாட், ஒரு சதவீத டாலரன்ஸ் (குறித்த மதிப்பிலிருந்து அனுமதிக்கப்படும் விலகல்) கொண்ட மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், 25 வாங்கினேன். தாத்தா விட்டுச்சென்ற வால்வு ரேடியோவில், இபிசி81 வால்வின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் தரப்படும் நேர்முனையில்) இருந்த பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி அளந்தபோது (கழற்றாமல் அளந்தால் பக்கத்துப் பாகங்களின் வழியாகவும் மின்சாரம் ஓடி மதிப்பு குறைவாகத் தெரியும்) மீட்டர் 291 கிலோ ஓம் காட்டியது. அதன் குறித்த மதிப்பும் 220தான்; டாலரன்ஸைக் காட்டும் வெள்ளிப் பட்டையின் 10 சதவீதக் கணக்கின்படி அது 242ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

பட்டையைக் குறைசொல்ல முடியாது. ஆலையை விட்டு வெளியேறிய நாளின் மதிப்புக்கு மட்டுமே அது பொறுப்பு. கரித்தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திய அந்த உருளை, ஈரத்தை உறிஞ்சியும் சூடேறி ஆறியும், பல பத்தாண்டுகளில் மதிப்பில் மெல்ல ஏறிவிடுகிறது.

கடைப் பையன் முதலில் கால் வாட் சரத்தை நீட்டி, "மதிப்பு ஒண்ணுதானே சார்" என்றான். இந்த இடத்தில் வெப்பத்துக்குக் கால் வாட்டே போதும். ஆனால் அந்த அளவு ரெசிஸ்டர்கள் பலவற்றின் மின்னழுத்த வரம்பு 250 வோல்ட்தான் என்பதால், உயர் அழுத்தப் பாதையில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வாங்கிய ரெசிஸ்டர்களின் நீல உடலில், 220 கிலோ ஓம், ஒரு சதவீதம் என்பதைக் குறிக்கும் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, பழுப்புப் பட்டைகள் தெளிவாக இருந்தன. இருபத்தைந்தும் 219.3க்கும் 220.8க்கும் இடையில் நின்றன. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றியபோது புதியது அரை கிலோ ஓம்கூட நகரவில்லை. பழையதோ பல கிலோ ஓம் அலைபாய்ந்தது.

என் மனக்குறை, பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரே இல்லை என்பதுதான். பெயருள்ள நிறுவனங்கள், 70 டிகிரியில் முழுச் சுமையுடன் 1000 மணி நேரம் ஓட்டியபின் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதைத் தரவுத்தாளில் தருகின்றன. பழுதுபார்ப்பவனுக்கு ஒரு சதவீதப் பட்டையைவிட அந்த எண்ணே முக்கியம். அதைக் கேட்டபோது கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் மாற்றி, 220.1 என்ற அளவையும் தேதியையும் சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு மறுபடி அளந்து பார்த்த பிறகே மற்ற இடங்களுக்கு இவற்றைப் பயன்படுத்துவேன்.