ஊதுகருவியா, அளவுக் குப்பியா?

மூச்சை ஊதினால் உடலில் உள்ள ஆல்கஹாலை எண்ணாகக் காட்டும் கையடக்க ப்ரெத் அனலைசரை, அளவோடு குடிப்பவர்களின் உடல்நலத்துக்கு உதவும் கருவி என்று சொல்லி விற்கிறார்கள். போதையை அளப்பதில் நல்ல ஊதுகருவி தேறிவிடும். உடல்நலம் என்று வந்தால் அது அளப்பதே வேறு.

வாங்குவதற்கு முன் உணரியைப் பாருங்கள். மலிவானவற்றில் டின் ஆக்சைடு குறைக்கடத்தி இருக்கும். சர்க்கரை நோயாளியின் மூச்சிலும் நெடுநேரம் பட்டினி இருந்தவர் மூச்சிலும் வரும் அசிட்டோனைக்கூட அது ஆல்கஹால் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆல்கஹாலோடு வேதிவினை புரிந்து உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கும் ஃப்யூவல் செல் வகையில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, விலைதான் கூடுதல். எந்த வகையானாலும் நாள்பட எண் நகரும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அந்த வசதி இல்லாத கருவியை வாங்குவதில் பயனில்லை.

கடைசி மிடறுக்குப் பிறகு 15 நிமிடமாவது காத்திருந்து ஊத வேண்டும். இல்லையென்றால் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலே எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும். மவுத்வாஷ் கொப்பளித்தாலும் இதே கதைதான். ஒரே சீராக 5 விநாடி ஊதினால்தான் நுரையீரலின் அடிக்காற்று வரும். அரைகுறையாக ஊதினால் எண் குறையும். 2100 மி.லி. மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மி.லி. இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற 2100:1 விகிதத்தை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது, அந்த விகிதமோ ஆளுக்கு ஆள் மாறும். குடித்த உடனே குறைவாகக் காட்டிய எண் அரை மணி நேரம் கழித்து ஏறியும் இருக்கலாம். வண்டி ஓட்டலாமா என்று இதைக் கேட்டு முடிவு செய்யவே கூடாது.

இனி முக்கியமான குறை. 40 சதவீத மதுவில் ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி., தினமும் இரவு சாப்பாட்டோடு குடிப்பவரை எடுத்துக்கொள்வோம். கருவி ஒவ்வொரு இரவும் சின்ன எண்ணையும் காலையில் பூஜ்யத்தையும் காட்டும். ஆனால் ஒரு லார்ஜில் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, வாரத்துக்கு 133 கிராம். பிரிட்டன் 2016-இல் வகுத்த வார வரம்பு 14 யூனிட், அதாவது 112 கிராம்தான். பூஜ்யம் என்றால் கல்லீரல் வேலையை முடித்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஆல்கஹால் உடலில் சிதையும் வழியில் உண்டான அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் மரபணுவில் செய்த சேதத்தை எந்த ஊதுகருவியும் காட்டாது. மதுவை, புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான முதல் பிரிவுக் காரணிகளில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-இல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் சொல்லிவிட்டது.

அதற்காகப் பீதியடையவும் வேண்டாம். தினமும் 10 கிராம் குடித்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 சதவீதம் கூடும் என்றால், 100 பெண்களில் 7 பேருக்குக் கூடுதலாக வரும் என்று பொருளல்ல. 12 பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஏறக்குறைய 13 பேர். குடும்பத்தில் அந்த நோய் இருப்பவருக்கு அந்த ஒன்றே பெரிதாகப் படலாம். இதயத்துக்கு நல்லது என்ற பழைய வாதத்தை எடையில் சேர்க்காதீர்கள். நோய் வந்து குடியை நிறுத்தியவர்களையும் 'குடிக்காதவர்' கணக்கில் வைத்ததால், அந்த ஆய்வுகள் பலவற்றில் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரிந்தார்.

ஆகவே எவ்வளவு குடிக்கிறோம் என்று கணக்கு வைக்கும் வேலைக்குச் சாதாரண 30 மி.லி. அளவுக் குப்பியே மேல். மி.லி.யைச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும். 500 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 31.6 கிராம், மூன்று ஸ்மாலை (30 மி.லி. வீதம்) தாண்டிவிட்டது! கேனைப் பார்த்தால் அப்படியா தோன்றுகிறது? செல்போன் செயலியில் குறித்துவைப்பவர்கள் 'ஒரு டிரிங்க்' எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14.

குப்பியிலும் ஏமாற்று உண்டு. சிலவற்றில் உள்கோடுவரை 30, சிலவற்றில் விளிம்புவரை. சமையலறைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். 30 கிராம் காட்டும் இடம்தான் 30 மி.லி.