புகைச் சோதனை: நேரே போய் நிற்பதா, கராஜுக்குப் போய்விட்டுப் போவதா?

கொழும்பில் டீசல் வானோ சின்ன லொறியோ வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவை இந்தக் கேள்வி வரும். வண்டியின் வருட வருமான லைசன் முடியப் போகிறது, காப்புறுதி கையில் இருக்கிறது, மிச்சம் புகைச் சோதனை. அப்படியே கொண்டுபோய் வரிசையில் விடலாம். இரண்டு கிழமைக்கு முன்னமே கராஜில் காட்டிவிட்டும் போகலாம். டீசலை மெக்கானிக்கல் பம்ப் மூலம் அனுப்பும் பழைய பம்ப் எஞ்சின் என்றால் நான் இரண்டாவது பக்கம்தான்.

பெற்றோல் வண்டிக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஒழுங்காகச் சேர்விஸ் செய்த கார் என்றால் நேரே போங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சைலன்சரில் ஓட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துவிடும், மெஷினுக்குப் புகை கிடைக்காது. அதற்கு மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் கியரைப் பி-யில் (பார்க்) வைத்து அக்சிலேட்டரை முழுதாக இரண்டு மிதி, என்-இல் (நியூட்ரல்) இரண்டு மிதி, திரும்பப் பி-யில் இரண்டு மிதி. பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அணையாமல் ஓடும். சோதனை முடிந்ததும் பவரை நிறுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

டீசலில் கதை வேறு. 2008 இல் புகைச் சோதனை தொடங்கிய காலத்திலிருந்து லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்று இரண்டு கம்பனிகள்தான். எங்கே போனாலும் முறை ஒன்றே: சைலன்சர் வாயில் குழாயைச் செருகி, நியூட்ரலில் அக்சிலேட்டரைச் சடாரென்று அடிவரை மிதிப்பார்கள். இது பல தடவை நடக்கும். வெளியே வரும் கரியின் அடர்த்தியை மெஷின் அளக்கும். ஆகவே எந்த நிலையத்துக்குப் போவது என்று தலையை உடைப்பதில் பயனில்லை, வீட்டுக்குக் கிட்ட உள்ளது போதும்.

நேரே போவதில் ஒரு நன்மை: பாஸ் ஆனால் அரை நாளில் வேலை முடிந்தது. ஃபெயில் ஆனால்தான் வினை. அன்றைக்கு ஹயர் போச்சு, கராஜில் ஒரு நாள், திரும்ப வரிசை. லைசன் முடிய இரண்டு நாள் இருக்கும்போது இது நடந்தால், மெக்கானிக் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பின் ஸ்க்ரூவைக் குறைத்துவிடுவார். புகை குறையும், சோதனையும் பாஸ் ஆகும். ஆனால் பாரம் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் போகும்போது இழுவை இல்லாமல் முதல் கியரில் ஊர வேண்டும். பிறகு திரும்பவும் ஸ்க்ரூவைக் கூட்டுவார்கள், அடுத்த வருடம் அதே கூத்து.

முன்கூட்டிப் போனால் காரணத்தைத் தேட நேரம் இருக்கும். முதலில் எயார் ஃபில்டர்; வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் தெரியும். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், மாறி அடித்தால் தூசு இன்னும் ஆழமாகக் கடதாசிக்குள் இறங்கும். கறுப்புப் புகை அதற்குப் பிறகும் வந்தால் நொசில், அதாவது டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் நுனி.

இங்கேதான் காசைச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்டரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நொசில் பனி போலத் தூவும், ‘கிர்’ என்று சத்தம் வரும், நிறுத்தினதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது கோடு போலப் பீச்சும், நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளிதான் எரியாமல் கரியாகிறது. திரும்பப் பூட்டும்போது பழைய செப்பு வாஷரைப் போட விடாதீர்கள். பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில் புதிதாக வாங்கிக் கொடுங்கள். பழையது நசுங்கி இருக்கும், அதன் வழியே கொம்ப்ரஷன் கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கல்லாக இறுகிவிடும். அடுத்த தடவை கழற்றவே முடியாது.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, நொசிலை மாற்றிப் பலனில்லை. வால்வ் சீல் அல்லது ரிங் வேலை. இது இரண்டு கிழமையில் முடிகிற காரியமும் அல்ல.

டைமிங் பெல்ட்டை மறக்க வேண்டாம். டொயோட்டா 3எல், 5எல் எஞ்சின்களில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு பெல்ட். மீட்டர் மாற்றிய வண்டியில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. மிதிக்கிற மிதியில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். புகைச் சோதனைக்குப் போன வண்டியை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

லொறிக்கு ஃபிட்னஸ் சான்றிதழும் தேவை என்பதால் பிரேக், ஹேண்ட்பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், டயர், லைட் எல்லாவற்றையும் அதே கராஜ் நாளிலேயே பார்த்துவிடுவது புத்தி.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தூவும் புதிய கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். அவற்றில் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வ்) அடைப்பும் சென்சரும் சேர்ந்து குழப்பும்; ஸ்கேன் செய்யாமல் நொசிலில் கை வைப்பது வீண் செலவாகலாம்.

எந்த வழியில் போனாலும் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டு சோதனைக்குப் போகக் கூடாது. சைலன்சரில் தேங்கிய கரி எல்லாம் முதல் மிதியிலேயே கொட்டும். விடிய 6 மணிக்கு முன்னம் பேஸ்லைன் வீதியில் மூன்றாம் கியரில் இருபது நிமிடம் இழுத்து ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் எஞ்சினை ஐடிலில் விடாமல் அணைத்து வையுங்கள். முன்னால் இரண்டு வண்டி இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, 2000 ஆர்பிஎம் அளவில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும்.