பாதி ஓவியத்தைக் காட்ட: படங்களா, டைம்லாப்ஸா?

வேலூர்க் கோட்டை அகழியோரம் வரைய வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. முடியாத ஓவியத்தைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்துப் பகிர்வதா, இடைவெளி விட்டு விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் காணொளியாகவா?

செலவு: படங்களுக்குக் கைப்பேசி போதும். காணொளிக்கு ஸ்டாண்டும் பவர் பேங்க்கும் வேண்டும். சித்திரை வெயிலில் கைப்பேசி கொதித்து அணைந்துபோவது தனித் தொல்லை.

நீளம்: இரண்டு மணி நேர வேலையை 2 விநாடிக்கு ஒரு படமாக எடுத்தால் 3,600 படங்கள். விநாடிக்கு 30 வீதம் ஓட்டினால் இரண்டே நிமிடம்.

நுட்பம்: இங்கேதான் படங்கள் முந்துகின்றன. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் ஒன்றை நீர்வண்ணத்தில் வரைந்தேன். ஈரத்தில் கருநீலமாக இருந்த நிழல், காய்ந்ததும் வெளிறிவிட்டது. ஈரம், காய்ந்த நிலை, இரண்டாம் பூச்சு என மூன்று படங்கள் அதைச் சொல்லிவிட்டன. காணொளியில் அது கண்ணிமைப்பதற்குள் ஓடிவிடும். ஆனால் தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது, கை எங்கே தயங்கியது என்பதைப் படம் காட்டாது.

உழைப்பு: வரையும் மும்முரத்தில் படமெடுக்க மறந்துவிடும். எனக்குப் பாதி நாள் அப்படித்தான்.

நீர்வண்ணக்காரருக்கும், நடுவிலேயே கருத்துக் கேட்டுத் திருத்த நினைப்பவருக்கும் படங்கள். பேனாக் கோட்டோவியத்துக்குக் காணொளி. அங்கே கோடு ஓடுவதே வித்தை.