கூலிங் ஃபேனை எது ஆன் செய்யட்டும்?

காரில் ரேடியேட்டரைக் குளிர்விக்க எஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்ட நினைப்பவர்கள், எந்த ஃபேன் வாங்கலாம் என்று நாள்கணக்கில் தேடுவார்கள். அதை எது ஆன் செய்யும் என்பதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான்.

டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் நெரிசலில் ஒருமுறை மறந்தால் போதும், எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட் போய்விடலாம். இதை மட்டும் நம்பாதீர்கள்.

ரேடியேட்டரின் ஃபின்களுக்கு, அதாவது மெல்லிய தகடுகளுக்கு, நடுவே செருகும் புரோப் (சூட்டை உணரும் குச்சி) பரவாயில்லை. குமிழைத் திருகி வெப்பநிலையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது ரேடியேட்டருக்குள் ஓடும் திரவமான கூலன்ட்டைத் தொடுவதில்லை, ஃபின்னின் சூட்டைத்தான் பார்க்கிறது. குலுக்கலில் கொஞ்சம் நழுவினாலும் கணக்கு மாறிவிடும்.

என் ஓட்டு, ரேடியேட்டர் டேங்கில் திருகும், குறித்த சூட்டில் தானாக ஆன் ஆகும் தெர்மோ ஸ்விட்சுக்கு. சூடான கூலன்ட் அதை நேரடியாகத் தொடுகிறது. வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் வெப்பநிலை எண்ணைப் பாருங்கள். கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் 88 டிகிரியில் திறக்கிறது, ரேடியேட்டருக்குள் கூலன்ட் வரும் பக்கத்தில் 82 டிகிரி ஸ்விட்சைப் போட்டீர்கள் என்றால் ஃபேன் நிற்கவே நிற்காது. அங்கே 95இல் ஆன், 90இல் ஆஃப் என்பது பொருத்தம். இதற்கும் ஒரு குறை உண்டு: கூலன்ட் அளவு இறங்கி ஸ்விட்ச் காற்றில் நின்றால் சூடு அதற்குத் தெரியாது. அதனால் டாஷ்போர்டு ஸ்விட்சையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும், சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை ஆன் செய்யும் ரிலே கட்டாயம். கிளம்பும் நொடியில் ஃபேன் இழுக்கும் கரண்டை சின்ன ஸ்விட்ச் தாங்காது. ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும்: 30இல் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87இல் ஃபேன், 86இல் இக்னிஷன். 85ஐ தெர்மோ ஸ்விட்சும் டாஷ்போர்டு ஸ்விட்சும் தனித்தனியாக எர்த் செய்யட்டும், அதாவது வண்டியின் உடம்போடு இணைக்கட்டும்.

ஓடவில்லையா? ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. அப்புறம் இக்னிஷனை ஆன் செய்து, தெர்மோ ஸ்விட்ச் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொடுங்கள், கை ஃபேனுக்குத் தள்ளியே இருக்கட்டும். ‘டிக்’ என்று ரிலே அடித்து ஃபேன் ஓடினால் பழுது ஸ்விட்சில். டிக் சத்தம் மட்டும் வந்தால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். மந்தமாகச் சுற்றினால் பெரும்பாலும் எர்த்தில் துரு.

ஃபேன் சுற்றியும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டிய ஃபேன் என்றால், முன்பக்கம் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. விலகிப் பறந்தால் பிளஸ் மைனஸ் வயர்களை மாற்றிப் போடுங்கள்.